பூச்சியத்தில் நின்ற முள்

மருதமுனையில் மீராமுகைதீனை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. மாப்பிள்ளையாக வந்து குடியேறி நாற்பது வருஷம் கடந்த பிறகும் அந்த ஊருக்கு அவர் 'நிந்தவூரார்'தான். பள்ளிவாசல் வாசலில் ஸலாம் சொல்பவர்கள்கூட, "என்ன நிந்தவூரார், சுகமா?" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கரையோரத்து வழக்கம் அப்படி. வீடு பெண்ணுக்கு. ஆண் அந்த வீட்டுக்கு வந்து சேருகிறவன். அவர் தறி நெய்யும் றாஹிலாவைக் கைப்பிடித்து வந்தபோது வீடு றாஹிலாவுடையது. மகள் ஸப்னாவுக்குக் கலியாணம் நடந்தபோது அது ஸப்னாவின் வீடாயிற்று. இரண்டு வருஷத்துக்கு முன் றாஹிலா மவுத்தாகிப் போன பிறகு, அந்த வளவில் அவருடையது என்று சொல்லிக்கொள்ள மிஞ்சியவை பின்பக்கத்து அறையில் ஒரு கட்டிலும், மூலைத் தகரக் கொட்டிலுக்குள் ஒரு சிவப்புக் காரும்தான்.

காரென்றால் ஊரில் ஓடுகிற கார் அல்ல. தரையோடு தரையாகப் பதிந்து கிடக்கும், மேல்மூடி இல்லாத, இரண்டே இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். அம்பாறையில் நீர்ப்பாசன வேலையில் இருந்த பறங்கி எஞ்சினியர் ஒருவர், அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது தன் கீழ் வேலை செய்த மீராமுகைதீனிடம் அதை விட்டுவிட்டுப் போனார். ஓடாத காராகத்தான் விட்டுப் போனார். ஓட வைக்க மீராமுகைதீனுக்கு மூன்று பெரும்போகம், மூன்று முழு வருஷம், பிடித்தது.

மேல்மூடி இல்லாத காரில் பெண்சாதியை ஏற்றிக்கொண்டு பட்டப்பகலில் கல்முனைக் கடைத்தெருவால் போனால் ஊர் சும்மா இருக்குமா? அதனால் சுபஹ் தொழுகை முடிந்த கையோடு புறப்படுவார்கள். கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு எல்லாம் கண் விழிப்பதற்குள் தாண்டி, மாவடிப்பள்ளி வயல் நடுவே போகும் ரோட்டில் ஏறிவிடுவார்கள். இரண்டு பக்கமும் பச்சை. றாஹிலா ஒரு கையால் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். ஒரு காலை மடக்கி சீற்றுக்கு மேலே வைத்துக்கொண்டிருப்பாள்.

"காலக் கீழ வெய்யன். பயமா?" என்பார் அவர்.

"ஓம், பயம்தான். நீங்க ஓட்டுற ஓட்டத்துக்கு."

வருஷத்தில் ஒரு நாள், மாரி மழையில் சாகாமம் குளம் நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் வழிந்து வான் பாயும்போது, அங்கேயும் போவார்கள். மீராமுகைதீன் உத்தியோகத்தின் பெரும்பகுதியைக் கழித்தது அந்தக் குளத்தில்தான். குளக்கட்டின் ஓரத்தில் ஒரு சிறிய கிணறு உண்டு. குளத்துத் தண்ணீர் ஒரு குழாய் வழியாக அதற்குள் வரும். அலையடிக்காத அந்தத் தண்ணீரில் நிற்கும் கேஜ் என்ற அளவுத் தூணைப் பார்த்துத்தான் எந்த மதகை எவ்வளவு திறப்பது என்று அவர் சொல்வார். வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானைமாரும் விவசாயிகளும் வந்து நின்று, "கண்ணால காணுற தண்ணிய விட உங்கட கேஜ் பெரிசா?" என்று கத்துவார்கள். அவர் அசையமாட்டார். கண் ஆசைப்படும், கேஜ் ஆசைப்படாது என்பார். அளவைப் பார்த்தார், அளவின்படி நடந்தார். ஒரு மனிதன் அப்படி நேர்மையாக இருந்தது குற்றமா? அந்த நேர்மைதான் கடைசியில் அவருடைய வீட்டுக்குள்ளே வந்து, அவருடைய நெஞ்சில் கை வைத்தது.

றாஹிலா நோயில் விழுவதற்குச் சற்று முன்னர், காரின் ஒயில் பிரஷர் முள் சோம்பத் தொடங்கியது. எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் துள்ளி மேலே ஏறுகிற முள், தயங்கித் தயங்கி ஏறியது. பிறகு பாதியில் நின்றது. ஒரு நாள் பூச்சியத்தை விட்டு அசையவே இல்லை. மீராமுகைதீன் மறுகணமே திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். ஒயில் போய்ச் சேராத எஞ்சின், இரத்தம் ஓடாத உடம்பு. ஓட்டினால் உள்ளே இரும்பும் இரும்பும் உரசி இறுகிவிடும். காரைத் தள்ளிக் கொட்டிலுக்குள் விட்டுத் தகரக் கதவைச் சாத்தினார்.

றாஹிலா படுக்கையில் கிடந்த நாட்களில் சாகாமம் வான் பாய்ந்தது. அவர் அவளுடைய பாதத்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். புறங்காலில் சின்னச் சின்னக் கறுத்த தழும்புகள். என்ன என்று கேட்டதற்கு, குசினியில் எண்ணெய் தெறித்தது என்று சொல்லியிருந்தாள்.

"இஞ்சாருங்க, குளம் வான் பாயுதாம். ஒருக்காக் கூட்டிப் போங்களன்."

"ஓட்டோ பிடிக்கட்டா?"

"ஓட்டோல போனா அது குளம் பாக்கப் போற. நான் கேட்டது வேற."

அவருக்கு விளங்கியது. "கார் ஏலா றாஹிலா. முள்ளு பூச்சியத்துல நிக்கிது."

"கொஞ்சத் தூரமாவது..."

"முள்ளு சொல்லுதே. நான் என்ன செய்ய?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். குளத்தில் வான் பாய்வது நிற்பதற்குள் அவள் போய்விட்டாள்.

இரண்டு வருஷமாக அவர் தன்னைத் தேற்றிக்கொண்டது ஒரே ஒரு வார்த்தையால். எஞ்சின் செத்துப்போயிருந்தது. தான் மறுக்கவில்லை, இரும்புதான் மறுத்தது. அந்த ஒரு வார்த்தையைத் தலையணையாக வைத்துத்தான் அவர் கண்ணை மூடினார்.

இந்த மாரியில் ஸப்னாவின் மகள் ஸம்றாவுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. பெண்ணுக்கு வீடு வேண்டுமே. வளவில் மிச்சமிருந்த இடம் கொட்டில் நிற்கும் மூலைதான். ஸப்னாவின் கணவன் நிப்றாஸ் கட்டாரில் இருந்தபடியே மேசனிடம் பேசி முடித்துவிட்டான். ஸப்னா பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவள். விடிந்தால் ஓட்டம். வாப்பாவுக்குச் சோற்றுக் கோப்பையை மூடி அறை வாசலில் வைக்கும் நேரம்தான் அவளுக்கும் அவருக்கும் கதைக்கிற நேரம்.

"வாப்பா, அடுத்த கிழமை அத்திவாரம் வெட்டணுமாம். கொட்டிலக் கழட்டணும்."

"ஓம் மகள்."

"கார?"

"மாத்தளையில ஒரு ஹாஜியார் கேட்டிரிக்கார். தள்ளி விட்டுருவம்."

ஸப்னா நின்று அவரைப் பார்த்தாள். "உங்களுக்குக் கவலையா வாப்பா?"

"செத்த எஞ்சினுக்கு என்ன கவலை மகள். நீங்க போங்க, பஸ் போயிரும்."

மாத்தளை மஜீட் ஹாஜியாரிடம் இதே மாதிரிக் கார் ஒன்று இருந்ததாம். இதைக் கழற்றி, உதிரிகளை எடுத்து, தன்னுடையதை முடிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. போனில் கலகலப்பாகக் கதைக்கிற மனுசன்.

"ஒங்கட எஞ்சின் முடிஞ்சதுதானே? பின்ன எனக்கு வந்து, நல்ல எஞ்சின ஏமாத்தி எடுத்துட்டீங்க எண்டு சொல்லப்படாது."

"முடிஞ்சதுதான். ஒயில் முள்ளு பூச்சியம்."

"அது சரி. வேற என்னத்தால பாத்தீங்க?"

மீராமுகைதீன் போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"சத்தம் கேட்டிச்சா? தட்டுற சத்தம்? ஒயில் இல்லாட்டித் தட்டுமே."

"இல்ல. உடனே நிப்பாட்டிப் போட்டன்."

"அப்ப முள்ள மட்டும்தான் பாத்தீங்க," என்று சிரித்துவிட்டு ஹாஜியார் வேறு கதைக்குப் போய்விட்டார். அவர் விளையாட்டாகக் கேட்டதுதான். ஆனால் அந்தக் கேள்வி அன்றைக்கு லுஹர் தொழுகையில் மீராமுகைதீனோடு சேர்ந்து நின்றது, ருகூவில் குனிந்தது, ஸுஜூதில் நெற்றியை வைத்தது.

அவர் வேறெதையும் பார்க்கவில்லை. ஒயில் குச்சியைக்கூட இழுத்துப் பார்க்கவில்லை. றாஹிலாவின் நோய் ஒரு பக்கம், ஆஸ்பத்திரி ஒரு பக்கம். அதுவும் உண்மை. ஆனால் அது முழு உண்மை இல்லை. முள் சொன்னது, அவர் நம்பினார். அவ்வளவுதான்.

பாய் விரிப்பில் இருந்து எழும்பாமலே அவருக்கு ஒரு பழைய மாரி நினைவுக்கு வந்தது. குளம் தளும்பி நிற்கிறது, அளவுக் கிணற்றிலோ தண்ணீர் அரை மட்டம். விவசாயிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். கிணற்றுக்குள் இறங்கிப் பார்த்தால், குழாயின் வாயில் சல்வீனியா நீர்க்களை பந்தாகச் சுருண்டு அடைத்திருந்தது. தண்ணீர் குளத்தில் இருந்தது. கிணற்றுக்கு வரத்தான் வழியில்லை. காரின் கேஜுக்கும் எஞ்சினில் இருந்து மெல்லிய செப்புக் குழாய் ஒன்று வருகிறது. அதன் வழியாக ஒயில் ஏறி வந்துதான் முள்ளைத் தள்ளுகிறது. அதுவும் ஒரு அளவுக் கிணறுதானே.

எழும்பிப் போய்ப் பார்த்துவிட வேண்டியதுதானே என்று யாரும் சொல்வார்கள். அவரால் எழும்ப முடியவில்லை. எஞ்சின் செத்துக் கிடந்தால் அவர் தப்பினார். உயிரோடு இருந்தால்? அந்தக் காலையில், அந்த ஒரே ஒரு காலையில், அவளைக் கூட்டிப் போயிருக்கலாம் என்றாகிவிடும். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த அந்த முதுகுக்கு அவர் என்ன பதில் சொல்வார்? தன் சொந்தக் காரின் எஞ்சின் செத்தே கிடக்கட்டும் என்று ஒரு மனுசன் அல்லாஹ்விடம் கேட்பானா? அன்று மீராமுகைதீன் கேட்டார்.

கேட்டுவிட்டு, கல்முனைக்குப் பஸ் ஏறினார்.

றொமால்ட் கடற்கரையோரம் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவன். ஏதாவது உதிரி தேவைப்பட்டால் மீராமுகைதீன் போவது அவனிடம்தான்.

"வாங்க காக்கா. அந்த மாப்பிள்ளைக் கார் இன்னும் இரிக்கா?"

"இரிக்கி. ஒரு ஒயில் கேஜ் இரவல் வேணும். நம்பக்கூடிய கேஜாப் பாத்துத் தா."

"என்ட மாமியைத் தவிர இந்தக் கடையில எல்லாத்தையும் நம்பலாம்." நேற்று வரை ஒரு வள்ளத்தில் நின்ற கேஜையும், அதன் குட்டைக் குழாயையும் துடைத்துக் கொடுத்தான். "பற்றரியும் கொண்டு போங்க காக்கா. உங்கட பற்றரி இப்ப மவுத்தாகி மையவாடியில கிடக்கும்." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். "நானும் வரட்டா?"

"வேணாம் தம்பி. தனியப் பாக்கிறன்."

றொமால்ட் பற்றரியை ஓட்டோவில் தூக்கி வைத்து, சாரதியிடம் மெதுவாகப் போகச் சொன்னான்.

மறுநாள் காலை வீட்டில் எல்லோரும் போன பிறகு அவர் கொட்டிலைத் திறந்தார். பழைய பெற்றோலை இறக்கினார். கறுத்து நின்ற ஒயிலை வடியவிட்டு, புது ஒயில் ஊற்றினார். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வைத்தார். அப்படி வைத்தால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது, பாரமில்லாமல் சும்மா சுற்றும். கேஜுக்குப் போகும் செப்புக் குழாயை எஞ்சின் பக்கத்தில் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் றொமால்டின் கேஜைப் பூட்டினார். பிஸ்மி சொல்லித் திறப்பைத் திருப்பினார்.

எஞ்சின் சுற்றியது. சுற்றியது. றொமால்டின் முள் அசையவில்லை. அவர் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று மெல்ல நிம்மதியாக மூச்சு விட்டது. இன்னும் கொஞ்சம் சுற்றவிட்டார். அப்போது முள் நடுங்கியது. நடுங்கி, எழும்பி, நித்திரையில் இருந்து விழித்தவனைப் போல நிமிர்ந்து நின்றது.

மீராமுகைதீன் திறப்பைத் திருப்பிச் சுற்றலை நிறுத்தினார்.

பிளக்குகளைத் திரும்பப் பூட்டித் திறப்பைத் திருப்பினார். எஞ்சின் இருமியது, புகை கக்கியது, பிடித்துக்கொண்டது. றொமால்டின் முள் அறுபதில் போய் நின்றது. சூடேறவிட்டார். கூரைத் தகரம் அதிர அதிர ஓடவிட்டார். தட்டுகிற சத்தம் இல்லை, முள்ளும் விழவில்லை. எஞ்சினுக்கு ஒன்றுமே இல்லை. இரண்டு வருஷமும் ஒன்றுமே இருந்திருக்கவில்லை.

எஞ்சினை நிறுத்தினார்.

இனி மிச்சம் ஒரு கேள்விதான். அடைத்தது எது? செப்புக் குழாயைத் திரும்ப எஞ்சினில் பூட்டினார். அதன் மறுமுனை டாஷ்போர்டுக்குப் பின்னால் கேஜில் ஏறுகிறது. அங்கே கை போக வேண்டுமானால் றாஹிலாவின் சீற்றுப் பக்கம் காலடியில் மல்லாக்கப் படுக்க வேண்டும். படுத்தார். தலைக்குக் கீழே விரிப்பு ஒரு இடத்தில் மட்டும் கறுத்து விறைத்திருந்தது. மழைத் தண்ணீர் என்று நினைத்தார். முகர்ந்தார். ஒயில்.

கேஜின் பின்பக்கத்து நட்டைத் தளர்த்திக் குழாயை வெளியே இழுத்தார். அதோடு நூலும் வந்தது.

பச்சை நூல். கஞ்சி போட்ட தறி நூல். குழாயின் நுனியைச் சுற்றி நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், பாவு சுற்றுகிற ஒழுங்கோடு சுற்றியிருந்தது. கடைசியில் ஒரு முடிச்சு. தட்டையாகப் படிந்து கிடக்கும், விரலுக்குத் தட்டுப்படாத முடிச்சு. மருதமுனையில் தறிவீட்டுப் பெண்பிள்ளைகள் அறுந்த இழையைச் சேர்க்கப் போடுகிற முடிச்சு அது. அவர் உடுத்திருந்த சாரனின் கரையிலும் அதே பச்சைதான் ஓடியது. றாஹிலா கடைசியாக நெய்த சாரன்.

நூலின் ஒரு துணுக்கு பிசிறிப் பிரிந்து கேஜின் ஊசித் துவாரத்துக்குள் போய், ஒயில் அழுக்கோடு கட்டிபட்டு அடைத்திருந்தது. ஊசியால் நோண்டியதும் பஞ்சாக வந்தது.

அவர் படுத்த இடத்திலிருந்து எழும்பவில்லை. எல்லாம் ஒவ்வொன்றாகக் கூடி வந்தது. அந்த மூட்டில் ஒயில் கசிந்திருக்கிறது. கொதிக்கிற ஒயில், சொட்டுச் சொட்டாக அவளுடைய புறங்காலில் விழுந்திருக்கிறது. அதனால்தான் காலை மடக்கி வைத்திருந்தாள். அதனால்தான் அந்தத் தழும்புகள். குசினியில் எண்ணெய் தெறிக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை றாஹிலா?

அதற்கும் பதில் அவருக்குத் தெரிந்தது. முன்னொரு தரம் தண்ணீர்ப் பம்ப் கசிந்தபோது, சரியான உதிரி கிடைக்கும் வரை காரைத் தொடமாட்டேன் என்று ஒரு போகம் முழுக்க அவர் நிறுத்தி வைத்திருந்தார். சொன்னால் அந்தக் காலைப் பயணங்கள் நின்றுவிடும். அவளுக்கு அது தெரியும். அவர் குளத்துக்குப் போயிருந்த ஏதோ ஒரு பகலில், அவருடைய பெட்டியிலிருந்து நட்டுக் கழற்றும் சாவி எடுத்து, இந்தக் காலடியில் இப்படியே மல்லாக்கப் படுத்து, தறியில் அறுந்ததைச் சேர்க்கிறவள் போல இதையும் கட்டியிருக்கிறாள். காலைகள் நிற்கக் கூடாதென்று கட்டிய நூலே காலைகளை நிறுத்தியது. அது தெரியாமலே போய்விட்டாள். தெரியாமல் போனது நல்லதென்று நினைக்க நினைக்க அவருடைய கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் இறங்கியது.

பின்னேரம் அஸருக்குப் பிறகு மாத்தளைக்குப் போன் எடுத்தார்.

"எஞ்சின் உசிரோட இரிக்கி ஹாஜியார். கழட்டுறத்துக்குத் தர மாட்டன். ஓட்டுற எண்டா வந்து எடுங்க."

மறுபக்கத்தில் ஹாஜியார் சிரித்தார். "அப்ப எண்ட கார கழட்டி ஒங்கடதுக்குப் பூட்ட வேண்டியதுதான். நாளைக்கு லுஹருக்குப் பொறகு வாறன்."

பொழுதுபட்டு மஃரிபுக்கு ஸப்னா சோற்றுக் கோப்பையோடு வந்தாள்.

"மகள், நாளைக்கு விடியச் சாகாமம் போறன். கார்ல. வான் பாயுதாம். நீங்களும் வாங்களன்."

"கார் ஓடுதா?" அவள் முகம் ஒரு கணம் சின்னப் பிள்ளையின் முகமாயிற்று. பிறகு மங்கியது. "நாளைக்கு எனக்குச் சோதனை மேற்பார்வை இரிக்கி வாப்பா. லீவு போட ஏலா."

"பரவால்ல மகள்."

"வெயில் ஏற முதல் வந்துருங்க. ஈரத்துல நிக்காதீங்க."

நூலைப் பற்றி அவளிடம் சொல்ல நினைத்தார். கோப்பையை வாங்கிக்கொண்டார்.

சுபஹ் முடிந்த கையோடு புறப்பட்டார். கல்முனை தாண்டியது. காரைதீவு தாண்டியது. அவர் பிறந்த நிந்தவூரும் தாண்டியது. அங்கே அவரைத் தெரிந்தவர்கள் இப்போது குறைவு. முள் நிமிர்ந்து நின்றது. இடப்பக்கத்து சீற்றில் காற்று மட்டும் இருந்தது. வளைவுகளில் பழக்கத்தில் அந்தப் பக்கம் திரும்பி, "பயமா?" என்று கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டார்.

சாகாமம் வான் பாய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் வெள்ளையாக விழுந்து நுரைத்தது. அளவுக் கிணறும் அதன் தூணும் அப்படியே நின்றன. அவர் எட்டிப் பார்க்கவில்லை. எஞ்சினை நிறுத்தாமல் இறங்கி, காரைச் சுற்றி வந்து, மறுபக்கத்துக் கதவைத் திறந்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக றாஹிலாவின் சீற்றில் உட்கார்ந்தார்.

அங்கிருந்து பார்த்தால் வான் கதவு தெரிவதில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. ஓட்டுகிறவனின் முகம் இருக்கும் இடம்தான் தெரிந்தது.

நூல் இல்லாத அந்தக் குழாய் இணைப்பை எவ்வளவுதான் இறுக்கிப் பூட்டியிருந்தாலும், பழைய வொஷர் மெல்லக் கசிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, விரிப்பு கறுத்திருந்த இடத்தில் அவர் காலை வைத்தார். கொஞ்ச நேரத்தில் முதல் சொட்டு விழுந்தது. புறங்காலில் சுளீரென்று சுட்டது.

அவர் காலை இழுக்கவில்லை.